கார்டுக்கு முன்னால் போர்டைப் பார்

அன்புள்ள செந்திலுக்கு,

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல கார்டுதான், உன் கம்ப்யூட்டருக்குத்தான் ஒத்துவராது. ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ரேம், 500 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) என்று எல்லாமே 2018-ல் வாங்கிய செட். உன் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு அதற்கும் முந்தையது, 2016-ல் வந்தது.

அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது, சந்தேகமே இல்லை. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு, புது கேம்களுக்கான டிரைவர் மென்பொருள் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வசதி இல்லாத கார்டில் தொடங்கவே தொடங்காது.

காசை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய். நீ அதிகம் ஆடும் கேமில் மற்ற செட்டிங் எதையும் தொடாமல், ரெசல்யூஷனை மட்டும் 1080-லிருந்து 720-க்கு இறக்கு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில், வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்ணிக்கையையும் கார்டின் பயன்பாட்டையும் பார். ஃப்ரேம் ஏறினால் இதுவரை தடுத்தது கார்டு. ஏறாமல் கார்டு 60, 70 சதவீதத்திலேயே நின்றால் தடுப்பது ப்ராசஸர். அந்த எண்தான் உன் 2600-இன் உச்சவரம்பு, எந்தக் கார்டைப் போட்டாலும் அதைத் தாண்டாது. ப்ராசஸரின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து ஏமாறாதே. ப்ராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டும் 12 த்ரெட்டில் (வேலை வரிசையில்) ஒன்று நிரம்பினாலே கேம் திணறும், அதனால் ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனியாகப் பார்.

இப்போது 5060 ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். அது 8 லேன் கார்டு, அதாவது போர்டோடு தகவல் போய்வர அதற்கு 8 பாதைகள். பிசிஐஇ என்பது கார்டைச் செருகும் இணைப்பு, எண் கூடினால் வேகம் கூடும்; 5.0 போர்டில் 8 லேனே தாராளம். உன் பி450 தருவது பிசிஐஇ 3.0, அதில் 8 லேன் என்றால் வினாடிக்குச் சுமார் 8 ஜிபிதான் போய்வரும். கார்டின் 8 ஜிபி நினைவகம் போதுமாக இருக்கும் வரை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. புது கேம்களில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) உயர்த்தி வைத்தால் 1080-லேயே அது நிரம்பிவிடுகிறது. வழிந்ததை கார்டு உன் ரேமில் வைத்து, அந்த 8 லேன் வழியாகத்தான் திரும்ப எடுக்க வேண்டும். கார்டுக்குள் வினாடிக்கு 448 ஜிபி ஓடும் இடத்தில் திடீரென்று 8 ஜிபி! சராசரி ஃப்ரேம் நன்றாகவே இருக்கும், ஆனால் கேமில் நீ திரும்பும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி நகரும். யூடியூப் சோதனைகள் பெரும்பாலும் புதுப் போர்டில் செய்தவை, அவற்றில் இது தெரியாது.

ஆகவே என் தேர்வு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. முழு 16 லேன் இருக்கிறது, 160 வாட், பெரும்பாலான மாடல்களில் ஒரே ஒரு 8 பின் இணைப்பு. அதே பெயரில் 8 ஜிபி கார்டும் கடையில் இருக்கும். அறிமுக விலையில் இரண்டுக்கும் 50 டாலர்தான் வித்தியாசம், அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதே. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பில் போடும்போது 16 ஜிபி என்று எழுதியிருக்கிறதா, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்த விலையா என்று பார்த்துக்கொள். பிளெண்டரில் 3டி வேலை நிறைய இருந்தால் மட்டும் என்விடியா பக்கம் போ, அப்போதும் 8 ஜிபி வேண்டாம்.

பட்ஜெட் இடித்தால் செகண்ட்ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. அதுவும் 16 லேன், 170 வாட். அசல் பில் கேள், கார்டை முழு வேகத்தில் சோதிக்கும் ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல், ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேள். 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் தொடாதே, அதற்கு 4 லேன்தான். இன்டெல் பி580-க்கு ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) கட்டாயம் தேவை, 2600-ஐ வைத்துக்கொண்டு அது சரிப்படாது.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் வெளியே போட்டிருக்கும் 500 வாட்டை நம்பாதே. லேபிளில் 12 வோல்ட் வரிசையில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கு. 30 ஆம்பியர் என்றால் 360 வாட்தான், இந்தக் கார்டுக்கு அது இழுபறி. 35-க்கு மேல் வேண்டும். ஏழு வருடத்துக்கு மேல் ஓடியதை எப்படியும் மாற்றிவிடலாம், 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின் சிக்கனத் தரச்சான்று) உள்ளது போதும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை (கழற்றி மாட்டும் கேபிளை) புதியதில் செருகாதே, பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கார்டுக்கு உரிய 8 பின், 6+2 ஆகப் பிரியும். 4+4 ஆகப் பிரிவது ப்ராசஸருக்கானது. அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும், வலிந்து திணித்தால் கார்டு போச்சு. உன் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். மானிட்டரோடு அதற்குள் இறுக்கமாகத்தான் அடங்கும், வேறு எதையும் அதில் மாட்டாதே.

சோதனையில் ப்ராசஸர்தான் தடை என்று தெரிந்தால் அதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும். வரிசை முக்கியம். 2600 மாட்டியிருக்கும்போதே பயாஸை (போர்டைத் தொடங்கி வைக்கும் மென்பொருளை) அப்டேட் செய்துவிடு, பழைய பயாஸில் 5600 போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் முதலில் அதைத் தற்காலிகமாக நிறுத்து. அப்டேட்டுக்குப் பின் செட்டிங் எல்லாம் அழிந்திருக்கும். ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கைத் திரும்பப் போடாவிட்டால் ரேம் 2133 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடும்.

கூலரைக் கழற்றும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உன் போர்டின் ஏஎம்4 வகை ப்ராசஸரில் பின்கள் அடிப்பக்கம் இருக்கின்றன. இடையில் தடவிய வெப்பப் பேஸ்ட் காய்ந்திருக்கும்போது கூலரை நேராக இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கு, மின்சாரத்தைத் துண்டித்து நான்கு ஸ்க்ரூவையும் கழற்று. கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, வழுக்குவது கையில் தெரிந்தபின் தூக்கு.

1060-ஐக் கழற்றும் முன் விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32-ஐத் திறந்து பயாஸ் மோட் என்ன என்று பார். லெகஸி (பழைய முறை) என்று இருந்தால் விண்டோஸின் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கைப் புது முறைக்கு மாற்றி, பயாஸில் பழைய முறைக்கான சிஎஸ்எம்-ஐ அணை. பேக்கப் எடுக்காமல் இதைத் தொடாதே. புதுக் கார்டு போட்டபின் செய்யலாம் என்று விட்டால், பயாஸே திரையில் வராமல் போகலாம். சேஃப் மோடில் டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை ஓட்டி, என்விடியா டிரைவரைத் துடைத்துவிட்டு கம்ப்யூட்டரை அணை.

கேபினட்டில் பின் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரை டேப் வைத்து அளந்த பிறகே மாடலை முடிவு செய். கார்டு மேல் ஸ்லாட்டில்தான் போக வேண்டும், கீழே இருப்பது பார்க்க அதே நீளம், உள்ளே 4 லேன். க்ளிக் சத்தம் கேட்கும் வரை அழுத்து. மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கட்டும், போர்டில் செருகினால் படம் வராது. கடைசியாக, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட்டில், கேம் ஓடும்போது, 16 லேன் 3.0 என்று காட்ட வேண்டும். சும்மா இருக்கும்போது 1.1 காட்டினால் பதறாதே, மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது.

1060-ஐ விற்றுவிடாதே. 2600, 5600 இரண்டிலும் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. புதுக் கார்டு வாரண்டிக்குப் போனால் திரை வர அது ஒன்றுதான் வழி.

அன்புடன்,
அம்மா