எடைக்குப் போட்டுவிடாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். என் முழங்கால் பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவின் டைப்ரைட்டரை எடைக்குப் போட்டுவிடலாமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது அண்டர்வுட் 5. கொடுத்துவிடாதே. எண்ணெயும் விட்டுவிடாதே, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"ரெமிங்டனாக இருந்தாலாவது சரித்திர மதிப்பு இருக்கும்" என்கிறாய். அங்கேதான் எனக்கு உன்னோடு சண்டை. ஷோல்ஸ் என்ற அமெரிக்கரின் டைப்ரைட்டர் கண்டுபிடிப்பை 1874-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது துப்பாக்கியும் தையல் மிஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன்தான், மறுக்கவில்லை. இன்று உன் கைபேசியில் இருக்கும் க்வெர்ட்டி எழுத்து வரிசைக்கும் மூலம் அதுதான். ஆனால் அதில் அடித்தவருக்குத் தான் என்ன அடித்தோம் என்று உடனே தெரியாது. எழுத்துக் கம்பிகள் ரோலருக்குக் கீழே வட்டமாகத் தொங்கும். கீழிருந்து எழும்பி ரோலரின் அடிப்பக்கத்தில் தாளைத் தாக்கும். பார்க்க வேண்டுமென்றால் கேரேஜை, அதாவது ரோலரைத் தாங்கிப் பக்கவாட்டில் நகரும் மேல்பகுதியைத் தூக்க வேண்டும், இல்லையேல் சில வரிகள் போய்த் தாள் மேலே சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். தப்பு நடந்தது சில வரிகள் கழித்துத்தான் தெரியும்! இப்படியே கால் நூற்றாண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

அதை மாற்றியவர் ஃப்ரான்ஸ் வாக்னர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா போனவர். கம்பிகளை ரோலருக்கு முன்னால் அரைவட்டமாகப் படுக்கவைத்தார். கீயை அழுத்தினால் கம்பி எழுந்து ரோலரின் முன்பக்கத்தில் அடிக்கும், அடித்த எழுத்து கண்ணெதிரே நிற்கும். 1893-இல் காப்புரிமை வாங்கினார். கண்ணுக்குத் தெரியும்படி அடிக்கும் இயந்திரத்தை மற்றவர்களும் முயன்றார்கள். டாஹர்ட்டி என்பவரும் முன்பக்க அடியைத்தான் கையாண்டார். வாக்னரின் கெட்டிக்காரத்தனம் நெம்புகோல்களில் இருக்கிறது. ஒரு கீயை மிக மெதுவாக அழுத்திப் பார். கம்பி சோம்பலாகக் கிளம்பும், ரோலரை நெருங்க நெருங்க வேகமெடுக்கும். அதே நேரத்தில் ரிப்பனைப் பிடித்திருக்கும் சின்னத் தகடு மேலே எழும்பும், எழுத்து விழுந்ததும் சட்டென்று கீழே இறங்கி வழிவிடும். இறங்காவிட்டால் கம்பி முன்னாலிருந்து அடித்தும் பயனில்லை, அடித்த எழுத்தை ரிப்பனே மறைத்துவிடும். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இயந்திரத்துக்குப் பெயர் கொடுத்த ஜான் அண்டர்வுட் குடும்பத்துக்கு ரிப்பன், கார்பன் தாள் வியாபாரம். வாக்னரின் வடிவமைப்பை அவர் வாங்கித் தொழில் தொடங்கினார். ஆரம்ப மாடல்களின் முதுகில் வாக்னர் கம்பெனி என்றுதான் பொறித்திருக்கும், பிறகு அந்தப் பெயர் போய்விட்டது. மூளை ஒருவருடையது, பெயர் முதலாளியுடையது. புதிய கதை இல்லை.

எதிர்முகாம் என்ன செய்தது தெரியுமா? 1893-இலேயே ரெமிங்டன், ஸ்மித் பிரீமியர், யோஸ்ட் முதலான பெரிய கம்பெனிகள் யூனியன் டைப்ரைட்டர் என்று ஒரே குடைக்குக் கீழே சேர்ந்துவிட்டன. விற்பனை கையில் இருக்கும்போது எதற்கு மாற்ற வேண்டும் என்ற மெத்தனம். பார்த்து அடிக்கும் இயந்திரம் வேண்டும் என்று நினைத்த ஸ்மித் சகோதரர்கள் 1903-இல் வெளியேறித் தனிக்கடை போட்டார்கள். ரெமிங்டன் தன் பத்தாம் மாடலோடு வழிக்கு வந்தது 1908-இல்தான். அதற்குள் 1900-இல் வந்த இந்த 5-ஆம் மாடல் அலுவலகங்களைப் பிடித்துக்கொண்டது. 1930-களின் தொடக்கம்வரை பெரிய மாற்றமில்லாமல் லட்சக்கணக்கில் செய்தார்கள். நம் மனதில் டைப்ரைட்டர் என்றதும் வரும் உருவமே இதுதான். முதலில் வந்தது ரெமிங்டன், நிலைத்த உருவம் அண்டர்வுட். அந்தக் கம்பெனியையும் 1959-இல் இத்தாலியின் ஒலிவெட்டி எடுத்துக்கொண்டது, அது தனிக் கதை.

இப்போது வேலை. முதலில் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டு. கம்பிகளின் அடிப்பகுதி அரைவட்டத் தகட்டின் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். பிசுபிசுப்பு அங்கேதான் சேரும். வொய்ட் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கும் திரவம்) தொட்டு ஒவ்வொரு கம்பியாக ஆட்டினால் இளகும். எண்ணெய் விட்டால் இன்றைக்கு வழுக்கும், அப்புறம் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். பழைய ரிப்பன் காய்ந்திருந்தாலும் உலோகச் சுருளைத் தூக்கிப் போடாதே, புது அரையங்குல ரிப்பனை அதிலேயே சுற்றிக்கொள்ளலாம். ரோலர் ரப்பர் கல்லாகியிருக்கும். தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்து அடி, இல்லையென்றால் முற்றுப்புள்ளி ஓட்டையாகிவிடும். ஒன்று என்ற எண்ணுக்குக் கீ இல்லையே என்று தேடாதே, சின்ன 'எல்' எழுத்தைத்தான் அதற்கும் பயன்படுத்துவார்கள்.

கேரேஜை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் பார்த்து எழுது. கடைசியில் ஒரு சிறு கோடும் 5-உம் இருக்கும். அதை வைத்து எந்த ஆண்டு செய்தது என்று பார்த்துச் சொல்கிறேன். கேரேஜை இழுக்கும் நாடா அறுந்திருக்கிறதா என்றும் பார், படத்தில் சரியாகத் தெரியவில்லை.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்