பனிமலைக்கு வரப்போகும் தம்பிக்கு

ரெவல்ஸ்டோக்,
பிரிட்டிஷ் கொலம்பியா.

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். வெள்ளவத்தையில் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். பெப்ரவரியில் வரும்போது ரோஜர்ஸ் கணவாய்ப் பக்கம் ஏறவேண்டும் என்று எழுதியிருந்தாய். கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு முதல் இதை வடிவாக வாசி.

எங்கள் மலையகத்து மீரியபெத்தையில் 2014இல் மலை சரிந்தது மழையால். இங்கே சரிவது பனி. ஆனால் புதிதாகக் கொட்டிய பனி மட்டும் காரணமில்லை. தெளிந்த குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற பளிங்குகள் வளரும். பார்க்க அவ்வளவு வடிவு. அதன்மேல் அடுத்த பனி இறுகிப் படிந்துவிட்டால், அந்த மெல்லிய படை உள்ளே பலவீனமாகவே கிடக்கும், சிலவேளை வாரக்கணக்கில். ஒரு ஆளின் பாரம் பட்டாலே போதும், அது நொறுங்கி மேலிருக்கும் படை முழுவதும் பிளந்து வழுக்கி வரும். பெரும்பாலான விபத்துகளில் சரிவைக் கிளப்புவது அகப்பட்டவரோ கூடப்போனவரோதான்.

அதனால் முதலில் பார்க்கவேண்டியது சாய்வு. 30 முதல் 45 பாகை வரைதான் ஆபத்து அதிகம், 38 பாகை அளவில் மிக மோசம். போனில் உள்ள சாய்வுமானியாலேயே அளக்கலாம். நீ நிற்கிற இடம் 20 பாகைதான் என்றாலும் மேலே செங்குத்தாக இருந்தால், அங்கே பிளப்பது உன்மேல்தான் வரும். ஓடைக்குள் இறங்கவே கூடாது, சின்னச் சரிவும் அங்கே ஆழமாக மூடிவிடும்.

பனிச்சரிவு ஆபத்தைக் கணித்துச் சொல்லும் அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு பின்னேரத்தில் மறுநாளுக்கான எச்சரிக்கையை வெளியிடும். 5 படிகள். 3ஆம் படி நடுவில் இருப்பதால் ஆட்கள் அதைச் சாதாரணமாக எடுக்கிறார்கள். உண்மையில் உயிரிழப்புகள் நிறைய நடப்பது அந்தப் படியில்தான். 3 என்று வந்தால் நாங்கள் 30 பாகைக்குக் குறைந்த இடத்திலேயே நடப்போம். ஒரு நாளில் 30 சென்ரிமீற்றருக்கு மேல் பனி, பலத்த காற்று, திடீர் வெயில், காலடியில் 'வூம்' என்ற சத்தம், பனியில் ஓடும் வெடிப்பு: இதில் ஒன்றைக் கண்டாலும் அந்தச் சரிவை விட்டுவிடவேண்டும். அங்கே கதைத்துத் தீர்மானிக்க ஒன்றும் இல்லை.

பீக்கன் (சமிக்ஞை அனுப்பவும், மூடப்பட்டவரின் சமிக்ஞையைத் தேடவும் உதவும் சின்னக் கருவி), புரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), பனி கிண்டும் சவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கும். பீக்கனை உள்ளுடுப்போடு சேர்த்துக் கட்டி, வெளிக்கிடும்போதே அனுப்பும் நிலையில் போடவேண்டும். போன் அதிலிருந்து 20 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கவேண்டும், தேடும்போது 50. ஆபத்தான சாய்வை ஒவ்வொருவராகத்தான் கடப்போம், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து கண் எடுக்காமல் பார்ப்போம்.

யாரும் மூடப்பட்டால் உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. முதல் 10 நிமிடம்தான் உயிர். அதற்குப் பிறகு மூச்சு முட்டித் தப்பும் வாய்ப்பு மளமளவென்று விழும். ஆனாலும் இறங்கமுதல் மேலே பார். 1910 மார்ச்சில் இதே கணவாயில், ஒரு சரிவை வெட்டி அகற்றிக்கொண்டிருந்த ரயில்பாதைத் தொழிலாளர் 58 பேரை எதிர்ப்பக்கத்துச் சரிவு மூடியது.

தேடுகிற எல்லாருடைய பீக்கனும் தேடும் நிலைக்கு மாறவேண்டும். ஒன்று அனுப்பிக்கொண்டிருந்தாலும் பிழையான இடத்துக்குத்தான் போவோம். பீக்கன் காட்டும் தூர இலக்கம் 3 மீற்றருக்கு வந்ததும் குனிந்து, பீக்கனைப் பனியோடு ஒட்டி, திருப்பாமல் மெதுவாக நகர்த்து. அவசரப்பட்டு ஆட்டினால் இலக்கம் குழம்பும். மிகக் குறைந்த இலக்கத்தில் புரோப்பைச் சாய்வுக்குச் செங்குத்தாகக் குத்து. படாவிட்டால் 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் குத்திக்கொண்டு போ. ஆளில் பட்டால் புரோப்பை இழுக்காதே, அப்படியே விடு. மேலிருந்து நேராகக் கிண்டாமல், ஆழத்தின் ஒன்றரை மடங்கு கீழே தள்ளி நின்று உள்ளே வெட்டிக்கொண்டு போ. நின்ற சரிவுப் பனி இறுகிவிடும், பிளாஸ்ரிக் சவல் உடைந்துபோகும்.

நெடுஞ்சாலைக்கு மேலே இராணுவம் பீரங்கியால் சுட்டுப் பனியை விழுத்துவதால் அங்கே சில பகுதிகளுக்கு அனுமதி வேண்டும், அதை நான் பார்க்கிறேன். நீ வந்ததும் முதலில் 2 நாள் பயிற்சி வகுப்பு, பிறகுதான் மலை. உன் சப்பாத்து அளவையும், வந்து சேரும் திகதியையும் உடனே எழுது. வகுப்பில் இடம் பிடிக்கவேண்டும்.

அன்புடன்,
அக்கா