எட் தாமஸைப் பற்றி நம் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அயோவா மாநிலத்தின் சீடர் ஃபால்ஸ், வாட்டர்லூ வட்டாரத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். போன முறை பூங்காவில் கூடியபோது, பையன்களை அமெரிக்க ஃபுட்பாலில் சேர்க்கலாமா வேண்டாமா என்று பேச்சு வந்தது. தலையில் அடிபடும் என்றார் ஒருவர். நியாயமான பயம்தான், அதில் எனக்கு வாதம் இல்லை. அடுத்தவர், "பக்கத்து ஊர்லயே கோச்சைப் பசங்க முன்னாடி சுட்டுக் கொன்னாங்களே, அந்த விளையாட்டா?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம், பேச்சு புளியோதரைக்குப் போய்விட்டது. அந்தக் கோச்சின் பெயர் எட் தாமஸ். அவரை அந்த ஒற்றை வரியோடு விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

நெடுஞ்சாலை 57-ல் மேற்கே அரை மணி நேரம் ஓட்டினால் பார்க்கர்ஸ்பர்க். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர், சுற்றிலும் சோளம். 1975-ல் அங்கே பள்ளிக்கூடக் கோச்சாக வந்த தாமஸ், கடைசிவரை வேறெங்கும் போகவில்லை. 1993-லும் 2001-லும் மாநிலப் பட்டம். 2005-ல் நாட்டின் சிறந்த உயர்நிலைப் பள்ளிக் கோச் என்று, இந்த விளையாட்டின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். விருது கொடுத்தது. அவரிடம் பயின்ற நான்கு பேர் ஒரே காலத்தில் என்.எஃப்.எல்.லில் ஆடினார்கள்: ஆரன் கேம்ப்மன், ஜாரட் டிவ்ரீஸ், பிராட் மீஸ்டர், கேசி வீக்மன். அவ்வளவு சின்ன ஊருக்கு இது நம்ப முடியாத கணக்கு. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. நான்கு பேருமே முன்வரிசை ஆட்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கைதட்டல் வாங்குகிற வேலை இல்லை அது. முட்டி மோதி நம்மாளுக்கு வழி பண்ணுவது, அல்லது எதிராளியை மறித்து நிற்பது. கேமரா அந்தப் பக்கம் அதிகம் திரும்பாது.

மைதானத்துப் புல்லை அவரே வெட்டுவார், அவரே தண்ணீர் விடுவார். ஊர்க்காரர்கள் அதைப் 'புனித ஏக்கர்' என்பார்கள். 2008 மே 25, ஞாயிற்றுக்கிழமை மாலை டொர்னாடோ வந்தது. இஎஃப்-5, அதற்கு மேல் தரமே கிடையாது. பார்க்கர்ஸ்பர்க்கிலும் பக்கத்து நியூ ஹார்ட்ஃபோர்டிலுமாக ஒன்பது பேர் இறந்தார்கள். பள்ளிக்கூடம் போயிற்று, தாமஸின் வீடும் போயிற்று. இந்த சீசன் இங்கேதான் ஆடுவோம் என்றார் அவர். வீடே இல்லாதபோது விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நானாக இருந்தால் கேட்டிருப்பேன். ஆனால் ஆட்கள் வந்தார்கள். தோளோடு தோள் உரச வரிசையாக நடந்து, புல்லுக்குள் கிடந்த ஆணியையும் கண்ணாடிச் சில்லையும் கையால் பொறுக்கினார்கள். ஒரு சில்லு மிச்சமிருந்தாலும் விழுகிற பையனின் முழங்கால் கிழியுமே! செப்டம்பர் 5 அன்று அதே புல்லில் ஆட்டம் நடந்தது.

அப்புறம் 2009 ஜூன் 24. காலையில் மாணவர்கள் எடை தூக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்த இடத்தில், அவரிடமே முன்பு விளையாடிய 24 வயதுப் பையன் அவரைச் சுட்டான். மனச்சிதைவு நோய் முற்றியிருந்தது அவனுக்கு. சில நாள் முன்புதான் போலீஸ் பிடித்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். சுட்டதற்கு முந்தின நாள் மருத்துவமனை அவனை வெளியே அனுப்பியது போலீசுக்குத் தெரியாது. அவனுடைய அப்பா அம்மாவும் தாமஸ் குடும்பமும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள்.

நம் பேச்சில் விட்டுப்போனது இனிமேல்தான். அன்றைக்கே, அப்பாவைப் பறிகொடுத்த சில மணி நேரத்தில், மூத்த மகன் ஆரன் தாமஸ் பத்திரிகைக்காரர்கள் முன் நின்று, அந்தப் பையனின் குடும்பத்துக்காகவும் பிரார்த்தனை செய்யுங்கள், அவர்களும் துக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்காகவே 2010-ல் அந்தக் குடும்பத்துக்கு விளையாட்டுத் துறையில் தரப்படும் ஆர்தர் ஆஷ் துணிச்சல் விருது கிடைத்தது. நீதிமன்றம் பையனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குற்ற வழக்கில் சிக்கிய ஒருவரை மருத்துவமனை விடுவிக்கும்போது போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று அயோவாவில் சட்டமும் வந்தது.

நம் பக்கம் யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் தனக்குத்தானே பேசுகிறான், யாரோ துரத்துகிறார்கள் என்கிறான். நாம் என்ன சொல்வோம்? "வெளிய தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் என்னாவது?" "கால்கட்டுப் போட்டா சரியாயிடும்." இந்த ஊரில் இருபது வருஷம் இருந்தும் இதை விட்டபாடில்லை. அந்தப் பெற்றோர் மகனை ஒளித்து வைக்கவில்லை, மருத்துவம் பார்க்க அலைந்தார்கள். அப்படியும் இது நடந்தது. அதன் பிறகும் அவர்களை ஊர் ஒதுக்கவில்லை.

அதனால் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வதானால் முழுசாகச் சொல்லுங்கள். ஃபுட்பாலில் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இஷ்டம்.

இன்னொன்று. ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்குகிறது. பார்க்கர்ஸ்பர்க்கில் உள்ளூர் ஆட்டம் இருக்கிற ஒரு வெள்ளிக்கிழமையைப் பார்த்துச் சொல்கிறேன். இரண்டு மூன்று வண்டியாகப் போய்வரலாம். விதி தெரியாதே என்று தயங்க வேண்டாம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், அது தெரிந்தால் போதும். மீதியைப் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள். இருட்டினால் குளிரும், போர்வை எடுத்து வாருங்கள். யார் யார் வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு அப்பா