ஹோலிரூட் என்னும் பெயர் குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

எடின்பரோவில் ஒரு தெருப் பலகையில் 'ஹோலிரூட்' என்றிருக்கக் கண்டதும் அதே பெயருடைய நம் தலவாக்கலைத் தேயிலைத் தோட்டம் நினைவில் எழ அங்கேயே நின்றுவிட்டதாகவும், அது அவர்களுடைய அரண்மனையின் பெயர் என்று அறிந்தபின், நம் ஊர் இரவல் சட்டை உடுத்தியிருப்பதுபோலக் கூச்சமாக இருந்ததாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியை மீண்டும் மீண்டும் வாசித்தேன்.

தோட்டங்களைத் திறந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். 1867இல் லூல்கந்துரயில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. ஊர் ஏக்கத்தில்தான் டன்சினன், ஸ்ட்ராத்ஸ்பே என்றெல்லாம் பெயரிட்டிருப்பார்கள். அந்த ஏக்கம் இப்போது உனக்கும் விளங்கும். ஆனால், காட்டை வெட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்த நம்மவர்கள். துரை புத்தகத்தில் ஏழாம் நம்பர் என்று எழுதிய இடத்தை அவர்கள் கோயில் மலை என்றார்கள். குடியிருப்பை மேட்டு லயம், பணிய லயம் என்று பிரித்தறிந்தார்கள்.

"அப்பாயி நாற்பது வருடம் மலைக்குப் போனவர்" என்று நீ சொன்னபோது யாழ்ப்பாணத்துத் தோழி அதை யாத்திரை என்று எண்ணிக்கொண்டார் அல்லவா? அவர் மீது குறையில்லை. கொழுந்து பறிக்கும் நிலத்தையே மலை என்பது நம் வழக்கு என்பதை நீயும் அன்றுதானே கவனித்தாய்! இங்கிருந்தவரை அதைக் கவனிக்க உனக்குக் காரணம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள். 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டன. அவர்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை என்பது இன்றும் என் மனதை அறுக்கிறது. அப்பாயியின் தங்கை குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனது. அங்கிருந்து அவர் எழுதுவித்த ஒவ்வொரு கடிதத்திலும் "கோயில் மலையில் கொழுந்து எப்படி?" என்ற கேள்வி இருக்கும். அந்தக் கடிதங்களைச் சிறுவயதில் உரக்க வாசித்துக் காட்டியவன் நான். ஒன்றிலும் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் வந்ததாக எனக்கு நினைவில்லை.

உன் கடிதம் வந்த அன்று மாலையே அப்பாயியை அடுப்படியில் அமர்த்தி, அவர் கொழுந்தெடுத்த மலைகளின் பெயர்களைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். இருபத்திரண்டு பெயர்கள் சேர்ந்துவிட்டன. அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா