உலகம் பார்க்கவில்லை, கேட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் தென் அத்திலாந்திக்கின் போக்லாந்து தீவுகளுக்காகப் பிரித்தானியாவும் ஆர்ஜென்டினாவும் பொருதிய போக்லாந்து யுத்தம் பற்றி வெளிவந்த நினைவுக் கட்டுரையில், 1982 ஏப்ரல் 3ஆம் திகதி பிரித்தானியப் பாராளுமன்றக் கீழ்ச்சபையில் நடந்த விவாதத்தை "உலகமே தொலைக்காட்சியில் பார்த்துத் திகைத்தது" என்று ஒரு வரி. அந்தச் சபைக்குள் தொலைக்காட்சிக் கமரா நுழைந்தது 1989 நவம்பரில். தாங்கள் அறியாததல்ல. அச்சுக்குப் போகும் அவசரத்தில் ஏழு ஆண்டுகள் கொஞ்சம் முன்னே வந்துவிட்டன போலும்.

அன்று பேசியது வானொலி. 1978 முதல் அச்சபையின் குரல் வானொலியில் ஒலித்து வந்தாலும், தீவுகளை ஆர்ஜென்டினா பிடித்த மறுநாள் கூடிய அந்த அமர்வைத்தான் பிரித்தானியர் வீட்டு வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். 1956இன் சூயஸ் நெருக்கடிக்குப் பின் அச்சபை சனிக்கிழமையில் கூடியது அன்றுதான். அங்கே காலை பதினொரு மணி, இங்கே இலங்கையில் பிற்பகல் மூன்றரை. மூன்று மணித்தியாலம். பி.பி.சி. அதை நேரடியாக அஞ்சல் செய்தது.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சிற்றலை இரைச்சலுக்கு நடுவே நான் கேட்டது உலகசேவையின் இரவுச் செய்தியை. சபாநாயகர் ஜோர்ஜ் தோமஸ் வேல்ஸ் நாட்டு உச்சரிப்பில் 'ஒழுங்கு, ஒழுங்கு' என்று கத்துகிறார், ஒருவரும் ஒழுங்காகவில்லை. அணுவாயுதத்துக்கு எதிராக ஊர்வலம் போன மைக்கல் ஃபுட், எதிர்க்கட்சித் தலைவராக நின்று ஆர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சியையும் பிரதமர் தட்சர் அரசாங்கத்தின் அசட்டையையும் ஒரே மூச்சில் சாடுகிறார். பாதுகாப்பு அமைச்சர் ஜோன் நொட் கூச்சலில் மூழ்கிப் போகிறார். இரண்டு நாளில் வெளிவிவகார அமைச்சர் காரிங்டன் பிரபு பதவி விலகினார் என்றபோது எங்களுக்கு வியப்பே வரவில்லை. படம் இல்லாததால் யார் எழுந்தார், யார் முகம் சுளித்தார் என்று தெரியாது. கடற்படை போகப் போகிறது என்பது மட்டும் காதுக்கு நன்றாகத் தெரிந்தது. அதைத் தடுத்துப் பேசிய குரல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. (நான் தட்சரின் அபிமானி என்று நினைத்துவிட வேண்டாம். சுமார் 1,800 பேர் வாழ்ந்த தீவுகளுக்காக 649 ஆர்ஜென்டினரும் 255 பிரித்தானியரும் தீவுவாசிகள் மூவரும் மாண்டார்கள்.)

தொலைக்காட்சி என்கிறீர்களே, நம் நாட்டின் ரூபவாஹினி தொடங்கி அன்று ஏழு வாரங்கூட நிறையவில்லை. எங்கள் தெருவில் அந்தப் பெட்டி ஒருவர் வீட்டிலும் இல்லை. கொழும்பில் இருப்பவர்கள் பார்த்ததையெல்லாம் உலகம் பார்த்ததாக எழுதுவது தங்கள் பத்திரிகைக்குப் புதிதுமல்ல.

கப்பற்படையின் தலைமைக் கப்பல் 'ஹேர்மிஸ்' என்று செய்தியில் சொன்னபோது என் தகப்பனார் சாய்மனைக் கதிரையிலிருந்து நிமிர்ந்துவிட்டார். "அது மட்டக்களப்புக் கடலில் தாண்டுபோன கப்பல் அல்லவா?" என்றார். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று, தெற்கே மட்டக்களப்புக்கு அப்பால் தாழ்த்தப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் அது. இது அதே பெயரில் பின்னர் கட்டியது. 1957இல் வெள்ளைக்காரர் தளத்தைக் கையளிக்கும்வரை கடற்படைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதருக்கு அந்தப் பெயர் சும்மா ஒரு பெயரல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் பத்திரிகை அந்தப் பழைய கப்பலைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ளேயே தாழ்த்திவிட்டது. திருத்தி எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. கடல் ஆழம், கடிதமும் தாண்டிருக்கும்.

வானொலியைத் தாங்கள் மறந்தது இன்று நேற்றல்ல. வாராந்த வானொலி நிகழ்ச்சி நிரலை ஒரு சொல்லும் அறிவிக்காமல் நிறுத்தினீர்கள். ஊரடங்குச் சட்டமும் மின்வெட்டுமாய் எங்கள் ஊர் கிடந்த இரவுகளில், பற்றரியை வெயிலில் காயவைத்து, சத்தத்தைக் குறைத்து, அடுத்த தெருவில் என்ன நடந்தது என்பதை பி.பி.சி.யின் இலண்டன் தமிழோசை சொல்லக் கேட்டவர்கள் நாங்கள். 2017 ஏப்ரலோடு அந்த வானொலிச் சேவை நின்றபோது தாங்கள் ஒதுக்கியது ஆறு வரி, எண்ணிப் பார்த்தேன். நமது பாராளுமன்றத்தில் தமிழ் உறுப்பினர் அரை மணி நேரம் பேசினாலும் 'அவரும் உரையாற்றினார்' என்று முடிக்கும் செய்தி அறிக்கைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் தங்கள் பக்கம் போதாது.

எட்டாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள தீவுக்காக நடந்த விவாதத்தை ஒரு மீனவனும் ஒரு லிகிதரும் இந்தக் கடற்கரையில் இருந்து கேட்கக்கூடியதாக இருந்தது. அதைத்தான் ஒரே வரியில் அழித்துவிட்டீர்கள். எழுதியவர் இளைஞராக இருக்கலாம், அவரை நோகவில்லை. அந்த வரியைப் படித்துப் பார்த்து அனுப்பிய பெரியவர்களைத்தான் கேட்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். முடிந்தால் வானொலி நிகழ்ச்சி நிரலையும். சோதிடப் பலனுக்குக் கீழே நாலு அங்குலம் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற லிகிதர்,
உவர்மலை, திருகோணமலை.
(பெயரும் விலாசமும் முன்னைய கடிதங்களில் தங்களிடம் இருக்கின்றன.)