அப்லேஷனுக்குப் பிறகு எந்த மாத்திரையை நிறுத்தலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இதயத் துடிப்புக் கோளாறுக்கான கதீட்டர் அப்லேஷன் (மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறான மின்பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை) பற்றிய உங்கள் கட்டுரையில், சிகிச்சை முடிந்தால் மாத்திரைகளை விட்டுவிடலாம் என்று பொதுப்படையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எந்தக் கோளாறு என்று பிரிக்காமல் அப்படிச் சொல்வது ஆபத்து.

இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணுவில் இரட்டைப் பாதை இருப்பதால் துடிப்பு திடீரென 180, 200 என்று எகிறும் நோயாளிகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். தொடை இடுக்குச் சிரை வழியே கதீட்டரைச் செலுத்தி, மெதுவாகக் கடத்தும் பாதையைச் சுட்டுவிட்டால் 100-ல் 95 பேருக்கு மேல் குணமாகிறது. சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இயல்பான பாதையும் சேர்ந்து கருகினால் பேஸ்மேக்கர் தேவைப்படும், அது அரிது.

இதயத்தின் மேலறைகள் (ஏட்ரியம்) தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அப்படியல்ல. அதைத் தூண்டும் மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்தே கிளம்புகின்றன என்று 1998-ல் பிரெஞ்சு இதய மருத்துவர் ஹைசகேரின் குழுவினர் காட்டினார்கள். அதனால்தான் இடது ஏட்ரியத்துக்குள் போய், அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வளையமாகச் சுடுகிறார்கள். வளையத்தில் ஓரிடம் முழு ஆழத்துக்கும் கருகாமல் வெறுமனே வீங்கியிருந்தால், அன்றைக்கு மின்சாரம் நின்றதுபோலத் தெரியும். வீக்கம் வடிந்ததும் மறுபடி கடக்கும். இரண்டாம் முறை அப்லேஷன் தேவைப்படுவது பெரும்பாலும் இதனால்தான். முதல் இரண்டு, மூன்று மாதங்களில் படபடப்பு வந்தாலே சிகிச்சை தோற்றது என்று பொருளல்ல. சுட்ட இடத்தின் அழற்சியும் அதைக் கிளப்பும்.

ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை விஷயத்தில்தான் கட்டுரை பெரிதும் தவறுகிறது. சுட்ட இடத்தில் ரத்தக்கட்டி உருவாகலாம் என்பதால், குறைந்தது இரண்டு, மூன்று மாதம் எல்லோரும் அதைத் தொடர வேண்டும். அதன்பின் தொடர்வதா என்று முடிவு செய்வது, பக்கவாத ஆபத்தைக் கூட்டும் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றை வைத்து. ஈ.சி.ஜி. சீராக இருக்கிறதே என்று நிறுத்தக் கூடாது. அறிகுறியே இல்லாமலும் ஃபிப்ரிலேஷன் வந்துபோகும்.

கட்டுரை தொடாத இன்னொன்று. இடது ஏட்ரியத்தின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் இருக்கிறது. வெப்பத்தால் இரண்டுக்கும் இடையே துளை விழுவது மிக அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. சிகிச்சை முடிந்து முதல் இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கை கால் செயலிழப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அப்லேஷன் செய்த மையத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். முதலில் எடுக்க வேண்டியது நெஞ்சு சி.டி. ஸ்கேன். வாய் வழியே குழாய் விட்டு உணவுக்குழாயைப் பார்க்கும் எண்டோஸ்கோபி கூடாது; அதில் ஊதும் காற்று துளை வழியே இதயத்துக்குள் புகுந்து மூளைக்குப் போய்விடும்.

அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையைப் படித்து மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்றே தங்கள் மருத்துவரைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
இதயத் துடிப்புச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள்