பயிலரங்கு தருமபுரிக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமுதாய வானொலி (ஊர் மக்களுக்காக நடத்தும் சிறு உள்ளூர் வானொலி), கிராமத்துக் காணொளி என்று சொந்த முயற்சியில் மக்கள் ஊடகம் நடத்துவோரின் சந்திப்புகளும் பயிலரங்குகளும் பெரும்பாலும் பெருநகரங்களோடு முடிந்துவிடுகின்றன. தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி தொடங்கலாம் என்று 2006-இல் மத்திய அரசு வழிவிட்டது. 100 வாட் ஒலிபரப்புக் கருவி ஒன்றே சுற்றுவட்டாரத்துக்கு எட்டும். பேட்டி எடுக்கக் கைப்பேசியே போதும்.

பென்னாகரம் பக்கம் ஃபுளோரைடு நீரால் பல்லில் பழுப்புக்கறை ஏறியவர்களை இன்றும் பார்க்கிறேன். எந்தக் குழாயில் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர், எதில் ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீர் என்று காலைதோறும் ஊர்க்காரர் குரலிலேயே சொல்ல ஒரு நிலையம் வேண்டாமா? ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்ல வேண்டும். அதற்கும் ஆள் இருக்கிறார்கள். அடுத்த பயிலரங்கைத் தருமபுரியில் நடத்துமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், பாலக்கோடு